கப்பல்களின் சோனார் ஒலியால் கடல் உயிர்கள் சாகின்றனவா?

பெசன்ட் நகர் கரையில் காலை நடை போகும்போது மூன்று வாரத்துக்குள் ஏழு ஆமைகளும் ஒரு டால்ஃபினும் செத்து ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். கூட நடக்கும் நண்பர் “எல்லாம் கப்பல்காரன் போடும் சோனாரால்தான், காது வெடித்துச் செத்துப் போகின்றன” என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சோனார் கடல் விலங்குகளுக்குத் தீங்கு செய்யுமா என்பது ஒன்று. நம் கரையில் கிடந்தவற்றைக் கொன்றது அதுதானா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் ஆம், அதுவும் உறுதியான சான்றுகளுடன். இரண்டாவதற்குப் பதில், ஆமைகளைப் பொறுத்தவரை அநேகமாக இல்லை. நான் கடலடி ஒலியியல் பொறியாளன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீரொலிவாங்கிகளையும், ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர்களையும் படகுகளில் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகக் கழித்து ஓய்வு பெற்றவன். விலங்கு மருத்துவம் படித்தவன் அல்லன். ஆகவே ஒலியைப் பற்றி நான் எழுதுவது கைப்பட்ட அறிவு. உடலைப் பற்றி எழுதுவது அத்துறையினரின் ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சோனார் என்பது ஒரே கருவியின் பெயர் அன்று. ஒலியை நீருக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். காசிமேட்டு விசைப்படகில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எக்கோ சவுண்டர் 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ஐந்நூறு வாட்டிலிருந்து ஆயிரம் வாட் வரையிலான அதன் துடிப்பு, கூம்பு போலக் குவிந்து நேர் கீழே போகிறது. ஆழ்கடலின் தரையை அளக்கும் ஆய்வுக் கப்பல்களின் பல்கற்றை எக்கோ சவுண்டர் (ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளால் அளப்பது) 12 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நீர்மூழ்கிகளைத் தேடும் போர்க்கப்பல்களின் நடுத்தர அதிர்வெண் சோனார் 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் அமையும். அதன் ஒலி பக்கவாட்டில், கடலின் குறுக்கே பரவும்படி அனுப்பப்படுகிறது. இவற்றுக்கும் கீழே 100 முதல் 500 ஹெர்ட்ஸில் இயங்கும் தாழ் அதிர்வெண் சோனாரும் உண்டு. அதிர்வெண் கூடக் கூட நீர் ஒலியை விரைவாக விழுங்கிவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள், பரவுவதால் வரும் இழப்பு போக, உறிஞ்சப்படுவதாலேயே பல பத்து டெசிபல்களை இழக்கிறது. 3 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதே தொலைவில் உறிஞ்சலால் இழப்பது கால் டெசிபல்கூட இருக்காது. மீன்பிடிப் படகின் சோனார் தெருமுனை வரை கேட்கும் சைக்கிள் மணி என்றால், போர்க்கப்பலின் சோனார் ஊர் தாண்டிக் கேட்கும் ஆலைச் சங்கு.

டெசிபல் கணக்கில் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் பெரிய சோனார்களின் வலிமை, ஒரு மீட்டர் தொலைவுக்குக் கணக்கிட்டால், 235 டெசிபல் என்று சொல்லப்படுகிறது. இதைப் படித்தவுடன் ராக்கெட் கிளம்பும் சத்தத்தோடு ஒப்பிட்டு எழுதிவிடுகிறார்கள். காற்றில் அளக்கும் டெசிபலுக்கும் நீரில் அளக்கும் டெசிபலுக்கும் ஒப்பீட்டு அடிப்படை வேறு. நீரின் அடர்த்தியும் அதில் ஒலி செல்லும் வேகமும் வேறு. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் 340 மீட்டர்தான். இரண்டையும் ஒரே செறிவில் ஒப்பிட வேண்டுமானால் நீரின் எண்ணிலிருந்து ஏறத்தாழ 62-ஐக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் 173 வருகிறது, அதுவே பயங்கரமான எண்தான். ஆனால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போவதற்குள் பரவலினால் மட்டுமே 60 டெசிபல் குறைந்துவிடும். காதைச் சிதைக்கும் அளவுக்கு ஒலி இருக்கும் இடம் கப்பலைச் சுற்றி மிகச் சிறிய வட்டம்தான். பழக்கிய டால்ஃபின் ஒன்றுக்குப் பதிவு செய்த சோனார் ஒலியை மிகுந்த வலிமையில் திரும்பத் திரும்ப ஒலித்த பிறகே அதற்குத் தற்காலிகச் செவிமந்தம் உண்டாயிற்று. ஆகவே உங்கள் நண்பர் சொன்ன ‘காது வெடித்தல்’ பெரும்பாலான நிகழ்வுகளுக்குப் பொருந்தாது. தீங்கு வேறு வழியாக வருகிறது.

கடல் இயல்பிலேயே அமைதியான இடம் என்ற எண்ணத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் சென்னைக் கரைக்கு அப்பால் ஒரு ஃபைபர் படகிலிருந்து முதன்முதலாக நீரொலிவாங்கியை இறக்கிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல ஓயாத படபடப்பு. இணைப்பில் உப்பு நீர் ஏறிவிட்டது என்று நினைத்து, கனெக்டரைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, கேபிளையே மாற்றி, அரை நாளை வீணாக்கினேன். மூத்தவர் ஒருவர் ஹெட்ஃபோனை வாங்கி ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “தம்பி, அது இறால்” என்றார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால், தன் பெரிய நகத்தைச் சொடுக்கும்போது நீரில் உண்டாகும் குமிழி உடையும் ஓசை அது. வெப்பக் கடல்களின் ஆழம் குறைந்த பகுதி முழுவதும் நிறைந்திருக்கும். அதன் நடுவே கத்தாளை மீன் காற்றுப் பையை அதிரவைத்து முரசு போல ஒலிக்கும். ஸ்பெர்ம் திமிங்கிலம் வேட்டையாட எழுப்பும் சொடுக்கொலி, எண்ணை மட்டும் பார்த்தால், கடற்படைச் சோனாருக்கே இணையானது. ஆனால் அது ஒரு கணத்துக்கும் குறைவாக, குறுகிய கற்றையாக வந்து போகிறது. கடற்படைச் சோனாரோ நொடிக்கணக்கில் நீளும் துடிப்பைத் திரும்பத் திரும்ப, மணிக்கணக்காக எல்லாத் திசைகளிலும் அனுப்புகிறது. வலிமையோடு நீளத்தையும் எத்தனை முறை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி உறுதியாகத் தெரிந்தவை. 1996 மே மாதம் கிரேக்கத்தின் கிபரிசியா வளைகுடாவில் ஒரு டஜன் கியூவியர் அலகுத் திமிங்கிலங்கள் (ஆழ்கடலில் முங்கும் ஒரு திமிங்கில இனம்) நீண்ட கரையோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயிரோடு கரையேறின. நேட்டோவின் ஆய்வுக் கப்பல் அதே நாள்களில் அதே கடலில் சோனாரைச் சோதித்துக்கொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 36 மணி நேரத்துக்குள் 17 விலங்குகள் ஒதுங்கின. பெரும்பாலானவை அலகுத் திமிங்கிலங்கள். இறந்தவற்றின் காதுகளையும் மூளையையும் சுற்றி இரத்தக் கசிவு இருந்தது. அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டின் கடல், வளிமண்டல நிர்வாகமும் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட அறிக்கை, போர்க்கப்பல்களின் நடுத்தர அதிர்வெண் சோனாரே மிகவும் பொருந்தும் காரணம் என்று ஒப்புக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரே கையொப்பமிட்ட அறிக்கை என்பதால் அதற்கு என் பார்வையில் தனி எடை உண்டு. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளில் பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் 14 அலகுத் திமிங்கிலங்கள் கரையேறின. இவற்றை அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளுறுப்புகளில் வாயுக் குமிழிகளையும் கொழுப்புத் துணுக்குகளையும் கண்டார்கள். 2004-இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றி 50 கடல் மைல் வரை இத்தகைய சோனாரைத் தடை செய்தது. அதற்கு முன்பு பயிற்சிகளை ஒட்டி மீண்டும் மீண்டும் நடந்துவந்த கூட்டக் கரையொதுங்கல் தடைக்குப் பிறகு அங்கே நிகழவில்லை என்று 2013-இல் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். காரணத்தை நீக்கியதும் விளைவு நின்றது. இயற்கையில் இதைவிடத் தெளிவான சோதனை அரிதாகவே கிடைக்கும்.

வாயுக் குமிழி என்றதும் தூத்துக்குடியில் கம்ப்ரஸர் காற்றைச் சுவாசித்துச் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள் நினைவுக்கு வர வேண்டும். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழியாக வெளியேறி மூட்டு வலியையும் சில வேளை பக்கவாதத்தையும் கொடுக்கும். திமிங்கிலம் ஒரே மூச்சில் முங்குவது. மேலிருந்து யாரும் அதற்குக் காற்று அனுப்புவதில்லை. அதற்கு இந்த நோய் வரவே வராது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் கியூவியர் அலகுத் திமிங்கிலம் முங்குவதில் அசாதாரணமானது: 2992 மீட்டர் ஆழம் வரை போனது பதிவாகியுள்ளது, மற்றொரு முறை 3 மணி 42 நிமிடம் நீருக்கடியில் இருந்தது பதிவாகியுள்ளது. அவ்வளவு கணக்காக மூச்சையும் வாயுவையும் செலவழிக்கும் விலங்கு, திடீரென்று அஞ்சித் தன் வழக்கமான ஏற்ற இறக்கத்தை மாற்றிக்கொண்டால் அந்தக் கணக்குக் குலைந்துவிடும் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வேகமாக மேலே வந்ததால் குமிழி உண்டாகிறதா, மேற்பரப்புக்கு அருகிலேயே குறுகிய முங்கல்களாகப் பல முறை போய்வருவதால் உண்டாகிறதா, அச்சத்தால் இதயத் துடிப்பும் இரத்த ஓட்டமும் மாறுவதால் உண்டாகிறதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சோனாருக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. நடுவில் உள்ள படிகளில் இரண்டொன்று இன்னும் ஊகத்தில் நிற்கின்றன. என் தனிக் கருத்தைக் கேட்டால், ஒலி கொல்வதைவிட ஒலியைக் கேட்டு அந்த விலங்கு எடுக்கும் முடிவே அதைக் கொல்கிறது என்பேன்.

இந்த முடிவு எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் சோதனைகள் உண்டு. உறிஞ்சுக் கிண்ணத்தால் முதுகில் ஒட்டும் சிறு பதிவுக் கருவியை விலங்கின் மேல் பொருத்தி, தொலைவிலிருந்து சோனாரைப் போன்ற ஒலியை எழுப்பிப் பார்க்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் இரண்டு கியூவியர் அலகுத் திமிங்கிலங்கள், 89 முதல் 127 டெசிபல் வரையிலான ஒலி தம்மிடம் வந்து சேர்ந்தபோதே வால் வீச்சையும் இரைதேடும் சொடுக்கொலியையும் நிறுத்திவிட்டு, பிறகு விரைந்து விலகின. அடுத்த இரைதேடலும் வெகுநேரம் தள்ளிப்போனது. நீரில் 100 டெசிபல் என்பது மென்மையான ஒலி. ஆனால் அதே விலங்குகளில் ஒன்று, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்துகொண்டிருந்த உண்மையான கடற்படைச் சோனாரை ஏறத்தாழ அதே வலிமையில் கேட்டபோது பொருட்படுத்தவில்லை. அப்படியானால் அது கேட்பது வலிமையை மட்டுமா, தொலைவையும் உணர்கிறதா? பின்னதாகவே தோன்றுகிறது. அருகில் நடக்கும் சண்டையையும் தூரத்தில் நடக்கும் சண்டையையும் நாம் ஒலியின் தன்மையிலிருந்தே பிரித்தறிவதில்லையா, அது போலத்தான். பஹாமாஸில் கடலடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்த சோதனைக் களத்தில், பயிற்சி நடந்தபோது அலகுத் திமிங்கிலங்கள் சொடுக்கொலியை நிறுத்தி விலகிப் போய், இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பின. நீலத் திமிங்கிலங்களில், ஆழத்தில் இரை தின்றுகொண்டிருந்தவை உண்பதை நிறுத்தின. மேற்பரப்பில் உண்டவை பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கொலைத் திமிங்கிலத்தின் குரலை ஒலித்தால் எவ்வினம் அதிகம் அஞ்சுகிறதோ அதுவே சோனாருக்கும் அதிகம் அஞ்சுகிறது என்பதை 2022-இல் வெளியான ஒரு ஒப்பாய்வு காட்டியது. இவை எல்லாம் விலங்குகளின் எண்ணிக்கையில் மிகச் சிறிய ஆய்வுகள். நடுக்கடலில் திமிங்கிலத்தின் முதுகில் கருவி ஒட்டுவது எளிதன்று என்பதால் இரண்டு, நான்கு, ஆறு என்றுதான் கணக்கு வரும். போக்கை நம்பலாம், எல்லா எண்களையும் எல்லா இனங்களுக்கும் நீட்டிவிடக் கூடாது.

போர்க்கப்பல்கள் மட்டுமே குற்றவாளிகள் என்றும் நினைக்க வேண்டாம். 2008-இல் மடகாஸ்கரின் வடமேற்கே, லோசா காயலுக்குள் ஆழ்கடல்வாசிகளான நூறு தர்பூசணித் தலைத் திமிங்கிலங்கள் நுழைந்து, வெளியேற வழி தெரியாமல் பெரும்பகுதி மாண்டன. ஐந்தாண்டுக்குப் பின் வந்த சுதந்திரமான நிபுணர் குழுவின் அறிக்கை, கடற்கரைக்கு அப்பால் இயங்கிய ஆய்வுக் கப்பலின் 12 கிலோஹெர்ட்ஸ் பல்கற்றை எக்கோ சவுண்டரே அவற்றைக் கரையை நோக்கி விரட்டியிருக்க வாய்ப்பு மிகுதி என்றது. அதுவரை அந்தக் கருவியை யாரும் சந்தேகித்ததில்லை; நானும்தான். மேலும் ஓர் உள்விவரம். படகிலிருந்து கழற்றிய 50 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரை (எக்கோ சவுண்டரில் ஒலியை எழுப்பும் பகுதி) இயக்கிக் காதருகே பிடித்தால் ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஒலி கேட்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கேட்காது. பிறகு கேட்பது என்ன? ஒவ்வொரு துடிப்பும் வெட்டென்று தொடங்கி வெட்டென்று முடிவதால் தாழ்ந்த அதிர்வெண்களில் சிறிது ஒலி கசிகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் கருவிகளிலும் இப்படிக் கசிவதை அளந்திருக்கிறார்கள். டால்ஃபின் 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. ஆகவே 50 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் அதற்கு நன்றாகவே கேட்கும், 200 கிலோஹெர்ட்ஸ் கருவியின் கசிவும் பக்கத்தில் இருந்தால் கேட்கலாம். கேட்பது வேறு, தீங்கு வேறு; மீன்பிடிப் படகின் எக்கோ சவுண்டரால் டால்ஃபின் இறந்ததற்குச் சான்று இல்லை.

மீன்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், காசிமேட்டில் ‘எக்கோ போட்டால் கூட்டம் கலைந்துவிடுகிறது’ என்று சொல்லும் ஓட்டுநர்களைப் பலமுறை சந்தித்திருப்பதால் ஒரு சொல். பெரும்பாலான மீன்கள் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. மத்தி, கவலை குடும்பத்தார் சில கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். விதிவிலக்கு அமெரிக்க உல்லம் வகை. அது 180 கிலோஹெர்ட்ஸ் வரை உணர்வதாக 1997-இல் கண்டறியப்பட்டது, டால்ஃபினின் சொடுக்கொலியிலிருந்து தப்பிக்கவே அந்தத் திறன் வந்திருக்கலாம் என்பது ஊகம். ஓட்டுநர்கள் காணும் கலைதல் உண்மைதான், ஆனால் பெரும்பாலும் எஞ்சினும் புரொப்பல்லரும் செய்த வேலை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: மீன் மிரளக் கூடாது என்று பெரும் செலவில் ஓசை குறைத்துக் கட்டிய நார்வே ஆய்வுக் கப்பலுக்கு, பழைய சத்தக் கப்பலைவிட ஹெர்ரிங் மீன்கள் அதிகமாக மிரண்டன.

இப்போது உங்கள் ஏழு ஆமைகள். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்கு முட்டையிட வருபவை பங்குனி ஆமைகள். கடலாமைகள் ஏறக்குறைய ஒரு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டுமே கேட்கின்றன. அவற்றின் செவி கூர்மையாக இருப்பது சில நூறு ஹெர்ட்ஸில். எக்கோ சவுண்டர் அவற்றுக்கு இல்லாத ஒலி. கடற்படையின் நடுத்தர அதிர்வெண் சோனாரும் பெரும்பாலும் அவற்றின் எல்லைக்கு வெளியே. 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பேசப்பட்ட காரணம் சோனார் அன்று, இழுவை மடி. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவை வலையில் மாட்டி நெடுநேரம் மேலே வர முடியாவிட்டால் மூச்சுத் திணறிச் சாகும். அப்படிச் செத்தவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருக்கும். நீங்கள் பார்த்தவற்றில் அந்த அடையாளம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் இழுவைப் படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் வரக் கூடாது என்ற விதியும், வலையில் ஆமை வெளியேறும் கருவி பொருத்த வேண்டும் என்ற விதியும் இதற்காகவே உள்ளன. சோனாரைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: அது கண்ணுக்குத் தெரியாதது, யாரோ தொலைவில் செய்வது. வலையோ நாம் வாங்கும் இறாலோடு சேர்ந்து வருகிறது.

டால்ஃபினைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. வலையில் சிக்குதல், படகு மோதல், நோய், முதுமை எல்லாமே சாத்தியம். கூட்டமாக ஒதுங்குவதற்கும் சோனார் இல்லாத காரணங்கள் உண்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு அருகே எண்பதுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டவை மறுபடி கரைக்கே திரும்பின. உடனே சோனார் என்றும் நிலநடுக்கம் என்றும் பேச்சு எழுந்தது. ஆனால் அதே கரையில், அதே ஜனவரி மாதத்தில், 1973-இல் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதை மீன்வள ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே இடம், ஒரே இனம், ஒரே பருவம் என்றால், கரையின் சரிவு, அந்தப் பருவத்து நீரோட்டம், ஒன்றையொன்று பிரியாத அவ்வினத்தின் கூட்ட உணர்வு ஆகியவற்றை முதலில் பார்ப்பதே முறை.

ஒலியால் நம் கடலுக்கு வரும் தொல்லையைப் பற்றியே கவலை என்றால், சோனாரைவிடக் கப்பல் போக்குவரத்தின் ஓயாத இரைச்சலைத்தான் நான் முதலில் வைப்பேன். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று சிறு கரையோரத்தில் மூன்று துறைமுகங்கள். ஒலிவாங்கியை இறக்கினால் இறால் படபடப்புக்கு அடியில் எப்போதும் ஓர் உறுமல் இருக்கும். 2001 செப்டம்பர் 11 அமெரிக்கத் தாக்குதலுக்குப் பிந்தைய நாள்களில் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல்கள் குறைந்தபோது நீருக்கடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அதே நாள்களில் அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்தார்கள்.

மீண்டும் ஒரு டால்ஃபினைப் பார்த்தால் ஒன்று செய்யுங்கள். கிட்டே போய்த் தொடாமல், துடுப்பிலும் வாலடியிலும் நூல் அறுத்தது போன்ற வலைத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், முழு உடலும் தெரியும்படி படம் எடுங்கள், உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உடனே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலியால் கேடு வந்ததா என்பதைக் காட்டுவது உட்செவியில் உள்ள மயிரிழைச் செல்கள். இறந்த சில மணி நேரத்துக்குள் செவியை எடுத்து ஃபார்மலினில் இட்டால்தான் அவற்றை நுண்ணோக்கியில் படிக்க முடியும். நம் வெயிலில் காலை ஆறு மணிக்கு ஒதுங்கிய உடல் பத்து மணிக்கெல்லாம் உப்பத் தொடங்கிவிடுகிறது. மாலையில் அதைக் குழி தோண்டிப் புதைக்கும்போது அந்தச் செல்கள் கரைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.